இலைகளுக்குக் கீழே ஒரு செம்பு வளையம்

இரண்டு வருடங்களுக்கு முன்பு, ஒக்ரோபர் மாதத் தாங்ஸ்கிவிங் விடுமுறையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நடந்த சம்பவம் இது. இடம், கனடாவில் ஸ்காபரோவின் மோர்னிங்சைட் பக்கம், எங்கள் வீட்டிலிருந்து நடந்தே போகக்கூடிய ஓர் ஓடைக்கரைக் காடு. மரமெல்லாம் மஞ்சளும் சிவப்புமாக நின்றது. ஊரே வான்கோழி வாட்டிக்கொண்டிருக்க, நானும் என் கணவரும் மண் கிண்டப் போனோம். கிண்டியது இவர். நான் பிளாஸ்கில் தேத்தண்ணியும் ஒரு பை நிறைய மீன் றோல்ஸும் காவிக்கொண்டு பின்னால் போனவள்.

எங்கள் இருவரையும் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மிச்சக் கதை விளங்கும். இவர் தொண்ணூறுகளில் இளந்தாரியாக, அகதியாக வந்து இங்கேயே ஊன்றிவிட்டவர். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறார். நான் சண்டை முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு வன்னியிலிருந்து கலியாணம் கட்டி வந்தவள். வருவதற்கு முன் நான் பார்த்த வேலை மிதிவெடி அகற்றுவது. பகிடி இல்லை. முகத்துக்குக் கண்ணாடி மூடி, நெஞ்சுக்குப் பாரமான அங்கி, கையில் சத்தம் போடும் கருவி. வெயிலில் முழங்காலிட்டுச் சாண் சாணாக நிலத்தைத் துப்புரவாக்க வேண்டும். என்னைப் போல நிறையப் பெண்கள் அந்த வேலையைச் செய்தார்கள்.

கலியாணம் பேசியவர்கள் ‘என்ஜிஓவில் வேலை’ என்று மட்டும் சொல்லி நழுவிவிட்டார்கள். என்ன வேலை என்று நானேதான் இவரிடம் ரெலிபோனில் சொன்னேன்.  “அப்ப பொறுமை இருக்கும்” என்றார். அந்த ஒரு பதிலுக்காகவே நான் ஓம் சொன்னேன். இவருக்குப் பொறுமை இருக்கிறதா என்று நான் கேட்காமல் விட்டதுதான் பிழை.

இப்படிப்பட்டவளின் வீட்டுக்குள் ஒரு நாள் உலோகம் தேடும் மெற்றல் டிடெக்ரர் வந்து இறங்கியது. கூட வேலை செய்யும் ஒருவர் வாரக்கடைசிகளில் அதைக் கொண்டுபோய்ப் பழைய காசும் மோதிரமும் தேடுவாராம். நடையும் நடந்ததாயிற்று, புதையலும் எடுத்ததாயிற்று என்று இவருக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. அங்கே நான் சம்பளத்துக்குச் செய்ததை இங்கே இவர் காசு கொடுத்துச் செய்யப்போகிறார் என்றதும் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இவருக்கு இதிலே சொந்தமாக ஒரு தத்துவம் வேறு இருந்தது.

“எங்கட ஆக்கள் ஓடேக்கை நகைநட்டை மண்ணுக்கை தாட்டுப்போட்டு ஓடேல்லையே? வெள்ளைக்காரரும் எங்கையாவது தாட்டிருப்பினம்.”

“எங்கட ஆக்களை ஷெல் கலைச்சது. உவையளை ஆர் கலைச்சது?” என்று கேட்டேன்.  இவருக்கு நம்பிக்கை குறையவில்லை. அந்தக் கோடை முழுக்கத் தேடிச் சேர்த்தது, சோடா ரின் மூடிகளின் வளையங்களும் துருப்பிடித்த ஆணிகளும் கொஞ்சச் சில்லறையும்தான். கராஜில் ஒரு பழைய ஐஸ்கிறீம் வாளிக்குள் அதையெல்லாம் பவுண் போலப் பாதுகாத்தார்.

எனக்கு இதில் ஒரே ஒரு விஷயம்தான் உறுத்தியது. கருவியைப் போடும் முன் காணி யாருடையது, அங்கே என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது என்று கேட்டறிய வேண்டும். எங்கள் வேலையில் முதல் நாள் படிப்பித்தது அதுதான். காணிக்காரர், கிராம சேவகர், இன்னும் யார் யாரோ சம்மதித்த பிறகுதான் நாங்கள் ஒரு தடியையாவது ஊன்றுவோம். இவரிடம் சொன்னால், “காடுதானே, ஆருடைய காணி?” என்பார்.

அந்த ஓடைக்கரை வாசலில் ஒரு பெரிய அறிவிப்புப் பலகை நிற்கிறது. எழுத்துச் சின்னன். வரிகள் நிறைய. அன்று காலையும் அதில் என்ன இருக்கிறது என்று கிட்டப் போய் வாசிக்கச் சொன்னேன். இவர் நடந்துகொண்டே ஒரு பார்வை பார்த்தார். “நாயைக் கட்டிக் கொண்டுபோகட்டாம். எங்களிட்டை நாய் இல்லை.” அவ்வளவுதான். எனக்கு அரைமனம். ஆனால் நல்ல நாளும் பெருநாளுமாக முகத்தை முறிக்கவும் விருப்பமில்லை. சரி என்று பின்னால் போனேன்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த நேரம் எனக்குக் குடியுரிமைக்கான சிற்றிசன் சோதனை பாஸாகி, சத்தியப்பிரமாணத்துக்கு அடுத்த மாதம் நாள் தந்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் மத்தியில் ஒரு பேச்சு உண்டு: இடையில் பொலிஸில் பெயர் விழுந்தால் எல்லாம் போச்சு. சரியோ பிழையோ, அந்தப் பேச்சை நான் நம்பினேன். வீதியைக் கடக்கும்போதுகூடப் விளக்கில் நடக்கும் மனிதன் தெரியும் வரை நிற்கும் ஆளாக நான் மாறியிருந்தேன்.

நடைபாதையை விட்டு இறங்கிக் கொஞ்ச தூரத்தில் இவருக்கு ஒரு நல்ல இடம் அகப்பட்டது. அந்தக் காலத்தில் மேலே தோட்டம் செய்தவர்கள் வீட்டுக் குப்பையை அந்தப் பள்ளத்தில்தான் கொட்டியிருக்க வேண்டும். உடைந்த போத்தல், பீங்கான் ஓடு, ஒரு குதிரை லாடம் என்று ஒவ்வொன்றாக வந்தது. இவருக்கு முகமெல்லாம் சந்தோஷம். விழுந்து கிடந்த ஒரு மரத்தில் குந்தியிருந்து நான் தேத்தண்ணியை ஊற்றினேன்.

அப்போது கருவி கத்தியது. வழக்கமான கீச்சுச் சத்தம் இல்லை. தடித்து, நீண்டு, விடாமல் கத்தியது. என் கை பாதி வழியில் நின்றுவிட்டது. இது கனடா, இது கனடா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஒரு மிடறு குடித்தேன். இவர் குந்தியிருந்து கைமண்வெட்டி மாதிரியான சின்னச் சவளால் மண்ணை வறுகத் தொடங்கினார்.

“இஞ்சேரும், இஞ்சை ஒருக்கா வாரும். பெரிய சாமான் ஒண்டு. செம்பு போலை கிடக்கு.”

எழும்பிப் போய் எட்டிப் பார்த்தேன். துருப்பிடித்த இரும்பு, பெரிய தண்ணீர்ப் போத்தல் பருமன், சரிந்து கிடந்தது. தலைப்பக்கம் இன்னும் மண்ணுக்குள். அடிப்பக்கத்தில், குழந்தைக்கு அரைஞாண் கட்டிவிட்டது போல, சுற்றிவர ஒரு செம்பு வளையம். இவர் மண்ணைத் தட்டி விழுத்துவதற்காகச் சவளின் பிடியைத் திருப்பி ஓங்கிக்கொண்டிருந்தார்.

அந்த வளையத்தை நான் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். இரும்பு கரைந்து போனாலும் அது அப்படியே கிடக்கும்.

“கையை எடுங்கோ. சவளை மெல்லமாப் பக்கத்திலை வையுங்கோ. ஒண்டையும் தட்டாமல், வந்த காலடியிலேயே பின்னுக்கு வாங்கோ.”

நான் கத்தவில்லை. அந்த வேலையில் கத்தக்கூடாது. கத்தினால் கேட்பவர் துள்ளுவார். என் வாயிலிருந்து வந்தது என் பழைய வேலைக் குரல். அதை இவர் அதற்கு முன் கேட்டதில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து என் சொல்லை மறுகேள்வி இல்லாமல் இவர் கேட்டது அன்றுதான். சவளை வைத்தார். ஒவ்வோர் அடியாகப் பின்னுக்கு வந்தார். நடைபாதைக்கு ஏறி, இன்னும் நல்ல தூரம் தள்ளிப் போன பிறகுதான் நான் நின்றேன்.

“உது ஷெல்” என்றேன்.

“இது கனடா. இஞ்சை எங்காலை ஷெல்?”

“எங்காலை எண்டு எனக்குத் தெரியாது. ஆனால் உது வெடிக்காமல் கிடக்கிற ஷெல்.”

இவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு வாடிப் போனார். நாங்கள் நின்ற இடத்திலிருந்து இவர் கிண்டிய குழிகள் வரிசையாகத் தெரிந்தன. தூரத்தில் அந்த அறிவிப்புப் பலகையின் முதுகும் தெரிந்தது.

“பொலிஸுக்குப் போன் அடிச்சால் ஆர் கிண்டினது எண்டு கேப்பினம். உமக்கு அடுத்த மாதம் சத்தியப்பிரமாணம். இலையைப் போட்டு மூடிப்போட்டுப் போவம். இவ்வளவு காலமும் கிடந்தது, கிடக்கட்டும்.”

உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் அந்த எண்ணம் வந்தது. எங்களை ஒருவரும் பார்க்கவில்லை. ஒரு கை இலை போதும். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்தலாம், அடுத்த மாதம் போய்ச் சத்தியம் செய்யலாம். சின்னச் சின்னக் கடதாசிகளுக்காக எத்தனை கந்தோர் வாசல்களில் நின்றிருப்பேன். கடைசிக் கடதாசி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கும்போது இப்படியா என்று அழுகை வந்தது.

அந்த நேரம் பார்த்து மரங்களுக்குள்ளிருந்து ஒரு நாய் ஓடி வந்தது. பெரிய மண்ணிற நாய். கழுத்தில் பட்டி இருந்தது, கயிறு இல்லை. மூக்கை நிலத்தில் வைத்தபடி நேராக அந்தக் குழிப் பக்கம் போனது. புதிதாகக் கிண்டிய மண் மணம் நாய்க்கு எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதற்குச் சட்டமும் தெரியாது, ஷெல்லும் தெரியாது. கிண்டுவதுதான் அதன் தொழில். முன்னங்கால் இரண்டையும் குழியின் விளிம்பில் வைத்துவிட்டது.

நான் பைக்குள் கையை விட்டு ஒரு மீன் றோலை எடுத்து எங்கள் பக்கமாக வீசினேன். நாய் தலையை நிமிர்த்தியது. இன்னொன்றை இன்னும் கிட்ட வீசினேன். அது குழியை விட்டுவிட்டுத் துள்ளிக்கொண்டு வந்தது. மூன்றாவதை என் கையிலிருந்தே வாங்கித் தின்ன, நான் கழுத்துப் பட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். எனக்கு நாய் என்றால் பயம். அன்று அதைக் கட்டிப்பிடிக்காத குறை.

நாயின் சொந்தக்காரர், ஒரு வயதான வெள்ளைக்காரர், மூச்சு வாங்க ஓடி வந்து மன்னிப்புக் கேட்டார். தினமும் காலை இந்தப் பக்கம்தான் வருவார்களாம், அதற்குப் பள்ளத்தில் இறங்கி விளையாட நல்ல விருப்பமாம். எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் விஷயத்தைச் சொன்னேன். மனிதர் வெளுத்துப் போய் நாயை இழுத்துக்கொண்டு வாசல் பக்கம் போனார்.

நான் இவரிடம் திரும்பினேன். “கிடந்தது கிடக்கட்டும் எண்டு இனிச் சொல்லேலாது. கிளப்பினது நாங்கள்.”

 இவர் தானே தன் போனை எடுத்து என்னிடம் நீட்டினார். இன்னும் தள்ளிப் போய்த்தான் அழைப்பு எடுக்க வேண்டும் என்று வாசல் வரை கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில், அந்தப் பள்ளத்துக்கு இறங்கும் இடத்தில், என் சிவப்புச் சால்வையை ஒரு கிளையில் கட்டி, நாலைந்து முறிந்த கொப்புகளைக் குறுக்கே இழுத்துப் போட்டேன். பழக்க தோஷம்.

பொலிஸை அழைத்தேன். அது ஷெல் என்று எப்படித் தெரியும் என மறுமுனையில் இருந்த பெண் கேட்டார். முன்பு என் வேலை இதுதான் என்றேன். அதற்குப் பிறகு அவர் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. இன்னும் தள்ளி நில்லுங்கள், வேறு ஒருவரையும் உள்ளே விடாதீர்கள் என்று மட்டும் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் இரண்டு கார் வந்தது. பாதையை மஞ்சள் நாடாவால் மறித்தார்கள். ஒரு இளம் பொலிஸ்காரி குறிப்புப் புத்தகத்தோடு எங்களிடம் வந்தார். பெயர், விலாசம் எல்லாம் கேட்டு எழுதிவிட்டு, அந்த இடத்தைக் கிண்டியது யார் என்றார்.

கொழும்பில் ஒரு சோதனைச் சாவடியில் தன்னை விடிய விடிய இருத்தி வைத்த கதையை இவர் எனக்கு ஒரேயொரு முறைதான் சொல்லியிருக்கிறார். சீருடையைக் கண்டால் இவருக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிடும். அது தெரிந்துதான் நான் முந்திக்கொண்டு, “நாங்கள் இரண்டு பேரும்” என்றேன்.

“இல்லை” என்றார் இவர். ஆங்கிலத்தில், ஆனால் எங்கள் ஊர் இழுவையோடு. “கிண்டியது நான் மட்டும்தான். வாசல் பலகையை வாசிக்கச் சொல்லி என் மனைவி எனக்குச் சொன்னார். நான் கேட்கவில்லை. அவருடைய பெயரை அதில் எழுத வேண்டாம்.”

கை இரண்டும் நடுங்கியது. முதுகுக்குப் பின்னால் கட்டி மறைத்துக்கொண்டு நின்றார். இவர் மேல் காலையிலிருந்து எனக்கிருந்த கோபமெல்லாம் அந்த இடத்திலேயே கரைந்துவிட்டது. பொலிஸ்காரி எழுதிக்கொண்டு, சொன்னதற்கு நன்றி என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். இடி விழும் என்று தோளைக் குறுக்கி நின்ற எங்கள் இருவருக்கும் சற்று நேரம் ஒன்றும் விளங்கவில்லை.

வெடிபொருள் பிரிவினர் வந்து நெடுநேரம் வேலை செய்தார்கள். நாங்கள் கார் நிறுத்துமிடத்தில் குந்தியிருந்து மிஞ்சிய றோல்ஸைத் தின்றோம். அவர்களில் ஒருவர் என் சால்வையை மடித்துக் கையில் கொண்டுவந்து, இதைக் கட்டியது யார் என்றார். சொன்னேன். எங்கே வேலை செய்தேன், என்ன கருவி என்றெல்லாம் கேட்டார். ஒரே தொழிற்காரர் இருவர் கதைப்பது போலத்தான் இருந்தது. உலகப்போர்க் காலத்தில் ஐரோப்பாவுக்குச் சண்டைக்குப் போனவர்கள் ஞாபகத்துக்கு என்று இப்படிப்பட்டவற்றை வீட்டுக்குக் கொண்டு வருவார்களாம். அவர்களுக்குப் பின்னால் வந்தவர்கள் என்னவென்று தெரியாமல் குப்பையோடு கொட்டிவிடுவார்களாம். இவருடைய தத்துவம் பாதி சரி. வெள்ளைக்காரரும் மண்ணுக்குள் போட்டிருக்கிறார்கள், பவுண் இல்லை, அவ்வளவுதான்.

கடைசியாக, அந்தக் காட்டுக்குப் பொறுப்பான அதிகாரி பச்சைச் சட்டையோடு வந்தார். கோபமாகவே வந்தார். அது பாதுகாக்கப்பட்ட நிலம், அங்கே கருவி கொண்டுபோவதும் மண் கிண்டுவதும் சட்டப்படி குற்றம் என்றார். இந்த மண்ணில் எங்களுக்கெல்லாம் முந்தி வாழ்ந்த பூர்வகுடிகளின் ஊர்களும் கல்லறைகளும் இருக்கின்றன, அப்படிப்பட்ட இடங்களில் அனுமதிப்பத்திரம் உள்ள தொல்லியல்காரரைத் தவிர வேறு யாரும் கை வைக்க முடியாது என்றார். நகரப் பூங்கா என்றால் அதன் விதியைக் கேட்டுப் போக வேண்டும், தனியார் காணி என்றால் சொந்தக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், கிண்டிய குழியை மூடாமல் வரக்கூடாது. இவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரித் தலையை ஆட்டினார். அந்தக் குதிரை லாடத்தையும் கொடுக்கும்படி அதிகாரி சொன்னார். இவர் பொக்கற்றிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது, பாவம், முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பிறகு, நாங்களே அழைத்துச் சொன்னபடியால் இந்த முறை எச்சரிக்கையோடு விடுகிறேன் என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா. இதனால் என் சிற்றிசன் விஷயம் நின்றுவிடுமா என்று கேட்டுவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். முதல் தடவையாக முகம் இளகியது. அது தன்னுடைய இலாகா இல்லை, ஆனால் ஒரு எச்சரிக்கைக்காக, அதுவும் உதவிக்கு அழைத்த ஒருவருக்கு, அப்படி நடந்ததாகத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்றார்.  அந்தக் கார் நிறுத்துமிடத்திலேயே நான் விம்மி அழுதேன். இவர் என் முதுகைத் தடவிக்கொண்டு நின்றார்.

சில நாட்கள் கழித்துப் பொலிஸிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. ஷெல்லை வெடிக்கவைக்கும் திரி கழன்று போயிருந்தது, ஆனால் உள்ளே வெடிமருந்து இருந்தது என்றார்கள். அப்படியென்றால் தட்டியிருந்தால் வெடித்திருக்குமா என்று இவர் கேட்டார். வெடிக்காமலும் விட்டிருக்கலாம், ஆனால் அதைச் சவளால் தட்டிப் பார்த்து அறிய வேண்டியதில்லை என்று பதில் வந்தது. அன்று முழுக்க இவர் வீட்டுக்குள் என் பின்னாலேயே திரிந்தார். கோப்பை கழுவினார்.

இவர் டிடெக்ரரை விற்கவில்லை. நானும் விற்கச் சொல்லவில்லை. இப்போது யூனியன்வில்லுக்கு வடக்கே ஒரு தோட்டக்காரரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, அறுவடை முடிந்த வயலில் நடக்கிறார். போன வருடம் அந்தத் தோட்டக்காரரின் மனைவி தொலைத்த காதணி ஒன்றைக் கண்டெடுத்துக் கொடுத்து, ஒரு மூடை உருளைக்கிழங்கோடு வந்தார். எந்த இடத்துக்குப் போனாலும் பலகையில் உள்ளதை நின்று கடைசி வரி வரை வாசிக்கிறார். எனக்கும் சத்தமாக வாசித்துக் காட்டுகிறார். அது கொஞ்சம் அலுப்புத்தான்.

குறித்த நாளில் நான் கையை உயர்த்திச் சத்தியம் செய்தேன். எல்லோரும் கை தட்டினார்கள், கொடி தந்தார்கள். நல்ல நாள்தான். ஆனால் இந்த நாடு உனக்கு என்ன தந்தது என்று யாராவது கேட்டால், எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காட்டு வாசல்தான்: நடுங்குகிற கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, சீருடை போட்ட ஒருவரிடம் “கிண்டியது நான்தான்” என்று உண்மையைச் சொன்ன ஒரு மனிதரை, அன்று பின்னேரமே பத்திரமாக வீட்டுக்குக் கூட்டிவந்து சோறு போட முடிந்த அந்த நிம்மதி.